இல்லாத தீர்ப்பு

அந்தத் தனியார் சட்டக் கல்லூரி முதல்வரின் மேஜையில் இரண்டு விடைத்தாள்கள் கிடந்தன. எதிரே தோழிகள் இருவர் கைகட்டி நின்றார்கள்.

"நீங்க எழுதியிருக்கிற தீர்ப்பை மூணு நாளா தேடறேன். அப்படி ஒரு வழக்கு எந்தக் கோர்ட்லயும் நடக்கவே இல்ல!" பேராசிரியர் சீறினார். "ரெண்டு பேரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே பொய். யாரு யாரைப் பார்த்து எழுதினது?"

ஒருத்தி அழத் தொடங்கினாள்.

"உண்மையைச் சொல்லிடுங்கம்மா. இல்லன்னா மூணு வருஷத்துக்குப் பரீட்சையே எழுத முடியாது," என்றார் முதல்வர்.

"சொல்றேன் மேடம்," என்றாள் மற்றவள். "அதுக்கு முன்னாடி சாரை ஒரு கேள்வி கேக்கணும்."

"குறுக்கு விசாரணையா? திமிரைப் பாருங்க மேடம்!"

"கேக்கட்டும் சார்."

"எங்க நோட்ஸைப் படிச்சுப் பார்த்துதானே சார் கையெழுத்துப் போடுவீங்க?"

"ஒரு வரி விடாம படிப்பேன். அதுல என்ன சந்தேகம்?"

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து முதல்வர் முன் விரித்தாள். அதே வழக்கு, அதே வருஷம். கீழே பச்சை மையில் பேராசிரியரின் கையெழுத்து.

"புத்தகத்துல கிடைக்காது, நானே தேடிப் பிடிச்சதுன்னு சொல்லி, சார்தான் கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தார் மேடம்."

பேராசிரியரின் முகம் வெளுத்தது. ஆனாலும் அவர் விடவில்லை.

"அப்படின்னா கிளாஸ்ல மத்த அம்பத்தெட்டு பேரும் ஏன் இதை எழுதல?"

அழுதுகொண்டிருந்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு முழிச்சிட்டிருந்தது நாங்க ரெண்டு பேர்தான் சார்."