சீட்டுக்கு அளவெடுத்தவள்

ஹாலின் நடுவே, மதிய வெயிலில், பழைய உறையை உரித்த டாக்ஸி டிரைவர் சீட் மஞ்சள் ஸ்பாஞ்சோடு நிற்கிறது. டிரைவரின் மனைவியான டெய்லர், அளவு டேப் கழுத்தில் தொங்க, அதன் முன்னால் மண்டியிட்டிருக்கிறாள். காலையில் அவள் சீட்டுக்குத் தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று அளவெடுத்தபோது டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது சிரிப்பில்லை, நாளை விடியற்காலையில் சவாரி இருக்கிறது. அவள் தைத்த ரெக்சின் உறை, காலுறை மாதிரிச் சுருண்டு, அங்குலம் அங்குலமாக மேலே ஏறுகிறது. "சின்னதாயிடுச்சு. நான் அப்பவே சொன்னேன்ல?" என்கிறார். "கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்களா?" முழங்காலால் ஸ்பாஞ்சை அமுக்கி, கடைசி முனையை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிடுகிறாள். உறை பொருந்திவிட்டது, ஆனால் முதுகெல்லாம் சுருக்கம். அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள், ஆவி வரும் இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ரெக்சினில் படாமல் ஒரு விரற்கடை தள்ளிப் பிடிக்கிறாள். புஸ்ஸென்று ஆவி பரவுகிறது. கோபம் தணிகிற முகம் போல, ஒவ்வொரு சுருக்கமாக அடங்குகிறது. கறுப்பு முதுகில் ஜன்னலின் பிம்பம் முழுசாக வந்து விழுகிறது. அவர் குனிந்து அதையே பார்க்கிறார். "என்ன பாக்கறீங்க? உக்காருங்க." பதினோரு வருஷமாக அந்தச் சீட்டில் தொப்பென்று விழுந்தே பழகியவர், பேன்ட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் தட்டிவிட்டுக்கொள்கிறார்.