முந்தானை வரவில்லை

தீபாவளி வியாபாரம். பகலில் விற்பனை, இரவில் சரக்கு அடுக்குவது என்று நான் தூங்கி நான்கு நாளாகியிருந்தது. தி.நகர் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தால் வேலை போய்விடும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். நிற்பதற்குத்தான் படித்தேன் போலிருக்கிறது.

காலை பதினொரு மணிக்கு ஒரு அம்மா நீலப் பட்டுப்புடவையைக் காட்டி, "முந்தானையப் பிரிச்சுக் காட்டும்மா" என்றார். பிரித்தேன். ஐந்தரை மீட்டர் தாண்டியும் முந்தானை வரவில்லை. மேஜை நிறைந்து தரையில் வழிந்தது.

"இன்னாம்மா இது, வந்துகினே கீது?" அந்த அம்மா வாயில் கை வைத்தார். அப்படியொரு நீலத்தை நான் பார்த்ததே இல்லை.

சூப்பர்வைசர் முத்துகிருஷ்ணன் ஓடிவந்தார். "தூங்குமூஞ்சி! பிரிச்சா ஒடனே மடிக்கணும்னு தெரியாது? படிச்ச திமிரு!"

மடிப்பதற்காகப் புடவையின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். மாடிப்படி இறங்கினார். ஜன்னல் வழியே பார்த்தேன். ரங்கநாதன் தெருக் கூட்டத்தின் தலைகளுக்கு மேல் நீலம் மின்னிக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் போனது. எல்லாரும் குனிந்து வழிவிட்டார்கள். என் கையிலிருந்த மடிப்பில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"நீ குந்தும்மா," என்றார் அந்த அம்மா. "அவரு இப்போ வரமாட்டாரு."

உட்கார்ந்தேன். கையில் புடவை மெல்ல இழுபட்டுக்கொண்டே இருந்தது.