மூன்றாவது மரத்துத் துணி

ஆற்றோரக் காட்டில் கைக்கு அடங்காத மருதமரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே நிற்கும். அதனால் நடந்து போகிறவர்கள் திருப்பத்துக்குத் திருப்பம் கிளையில் சிவப்புத் துணி கட்டுவார்கள். கடைசியாகத் திரும்புகிறவர் அவிழ்த்துக்கொண்டு வருவார். துணி அவிழ்க்காமல் இருந்தால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நான்கு வருடத்துக்கு முன் அவிழ்த்துக்கொண்டு வந்தது நயினார். வழியில் அவரோடு சண்டை போட்ட மைத்துனன் உலகநாதன் கோபத்தில் முன்னால் போயிருப்பான் என்று நினைத்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னார். மறுநாள் வெள்ளம் ஏறியது, உலகநாதன் கிடைக்கவில்லை. “தெரியாமத்தானே அவுத்தீங்க” என்று மனைவி கோமு இன்றைக்கும் தம்பிக்காக அழுதுவிட்டு அவரைத் தேற்றுகிறாள். வருடாவருடம் நயினார் தனியாக வந்து, தலைக்கு மேலே வெள்ளத்தின் சேற்றுக்கோடு படிந்த மூன்றாவது மரத்தில் ஒரு துணி கட்டுகிறார். இன்று எதிரே வந்த ஒருவர், “உள்ள யாரும் இருக்காங்களா?” என்றார். “என் மைத்துனன்.” “கூப்பிட்டுப் பாத்தீங்களா?” நயினாரின் விரல்கள் முடிச்சிலேயே நின்றன. அன்று இதே மரத்தில் துணியை அவிழ்க்கும்போது, “அத்தான், நில்லுங்க” என்று பின்னாலிருந்து இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது குரல் வருவதற்குள் அவர் அவிழ்த்து முடித்திருந்தார்.