பழைய திரை

"உங்க மாற்றல் உத்தரவு ரத்து," என்றார் மேலாளர்.

பழைய கணினி முறை தெரிந்த ஒரே ஆள் என்பதால், ஒன்பது வருடமாக மனைவியையும் மகளையும் பிரிந்து இங்கே கிடக்கிறேன்.

"புதுக் கணினி வந்ததும் விட்டுடறதா சொன்னீங்களே, சார்?"

"வந்தாச்சு. ஆனா யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பழைய முறையோட திரையை அச்சு அசலா ஒரு மென்பொருளா செஞ்சு, யார் வேணா எடுத்துக்கலாம்னு இணையத்துல விட்டிருக்கான். புதுசுலயும் அதையே போடச் சொல்லிட்டாங்க. உங்களை விட்டா அதைப் பார்த்துக்க யார் இருக்கா?"

கையிலிருந்த மாற்றல் உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"அவனுக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பிடுங்க."

அனுப்பினேன்.

மாலையில் அறைக்கு வந்து என் கணினியைத் திறந்தேன். தனிமையில் பொழுது போகாமல் அந்தத் திரையைச் செய்து நான் வெளியிட்ட புனைபெயரின் மின்னஞ்சலில், கடிதம் எனக்காகக் காத்திருந்தது.