மூன்றாவது முறை

காகத்தின் தோளிலிருந்து டவாலிப் பட்டையைக் கழற்றிக்கொண்டே நரி அதிகாரி சொன்னது: "மனசுல வச்சுக்காதய்யா. பேர் கூப்பிட தனியா ஒரு ஆள் எதுக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்க."

மறுநாளிலிருந்து இழப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் ஆமையே பெயர் கூப்பிட்டது. அந்தக் குரல் வாசலைத் தாண்டவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் வராதவர்களின் மனுக்கள் தள்ளுபடியாயின.

"தொண்டை கட்டுது சார்," என்றது ஆமை.

"கட்டட்டும். நிலுவை பாதியாக் குறைஞ்சிருக்கு, கவனிச்சீரா?"

வேலையிழந்த காகம் ஜன்னலோரக் கிளையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. சாலை போட்டதில் வளை இடிந்துபோன முயல் வள்ளியம்மை, குட்டிகளோடு வெளியே மரத்தடியில் காத்திருந்தது. உள்ளே ஆமை அதன் பெயரை இரண்டு முறை முனகிவிட்டது.

காகம் வாய் நிறைய அந்தப் பெயரைக் கூப்பிட்டது. வள்ளியம்மை குட்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு படியேறியது. அடுத்த பெயருக்காகக் காகம் ஜன்னல் பக்கம் கழுத்தைச் சாய்த்தது.