மூன்று டேபிள்களும் ஒரு மாப்பிள்ளையும்

முப்பத்தெட்டு வயது மாப்பிள்ளை மூன்றாவது முறையாகக் காணாமல் போயிருந்தார்.

திருமணத் தகவல் மையத்தின் முதலாளியம்மா, கம்ப்யூட்டர்காரரை முறைத்தார்.

"காலையில பொண்ணு வீட்டுக்காரங்க உன் விவரம் கேட்டு வந்தாங்க. தேடினா நீ இல்ல! உன்னையே தொலைச்சவன் மத்த மாப்பிள்ளைங்களை எப்படிக் காப்பாத்துவே? சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா பழையபடி நோட்டுதான். நோட்டுக்கு நீ எதுக்கு?"

ஆம், காணாமல் போனவர் அவரேதான். ஊருக்கெல்லாம் வரன் பார்க்கிறோமே, நமக்கும் ஒன்று அமையாதா என்று டேட்டாபேஸில் தன்னையும் பதிந்து வைத்திருந்தார்.

அதில் மாப்பிள்ளைகளின் அட்டவணை ஒரு டேபிள், பெண்கள் ஒரு டேபிள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதற்கு நடுவில் ஒரு டேபிள். மூன்றையும் கோடு போட்டு இணைத்த அன்று, தன்னை விட்டால் ஆளில்லை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவர்தான்.

"ஒரு மாப்பிள்ளைக்குப் பல சந்திப்பு" என்று அவர் விளக்கியபோது, "ஒருத்தனுக்குப் பலன்னா போலீஸ் வருமேப்பா!" என்று முதலாளியம்மா பதறினார். அன்றைக்கு இவர் வயிறு வலிக்கச் சிரித்தார். இன்றைக்கு வயிறு மட்டும் வலித்தது.

பக்கத்து மேஜையில் சந்திப்புகளைப் பதிவு செய்யும் டைப்பிஸ்ட் பெண் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என் பேருக்குச் சந்திப்பு போடும்போது கம்ப்யூட்டர் ஏதாவது எச்சரிக்கை காட்டிச்சா?"

"ஒண்ணும் காட்டலை சார்."

மூன்று முறையும் பெண் வீட்டார் கேட்டு வந்த அன்றுதான் பதிவு போயிருந்தது. டேபிள்களை இணைக்கும் கோட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டோம், சந்திப்பு ரத்தானால் மாப்பிள்ளையும் சேர்ந்து அழிகிறார் என்று முடிவு கட்டினார். மற்ற இருநூறு மாப்பிள்ளைகள் மட்டும் எப்படிப் பிழைத்தார்கள் என்று யோசிக்கிற புத்தி அவருக்கு இல்லை.

கோட்டை அழித்தார், போட்டார், மறுபடி அழித்தார். ஐந்து மணிக்குக் கையைத் தூக்கிவிட்டார். 'டேபிள்களை இணைக்கும் அறிவு எனக்குப் போதாது' என்று ராஜினாமாக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

டைப்பிஸ்ட் அதை வாங்கிப் படித்தாள். படக்கென்று இரண்டாகக் கிழித்தாள்.

"உங்க டேபிள்ல ஒரு தப்பும் இல்ல சார். மூணு தடவையும் நான்தான் உங்களை அழிச்சேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்குங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

கிழித்த தாளைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"அந்தப் பொண்ணுங்கள்ல யாராவது சரின்னுட்டா, நான் என்ன பண்றது?"