பச்சை நிறத்தில் எலுமிச்சை சாதம்

"டிபன் பாக்ஸைத் திறம்மா."

பி.டி. சார் இன்னாசிராஜ் கேட்டை மறித்து நின்றார். பிரான்சி அசையவில்லை.

"சாப்பாடு சார்."

"பரீட்சை ஒண்ணேகாலுக்கு முடியுது. அடுத்த பஸ்ஸுல எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவீங்க. சாப்பாடு யாருக்கு?"

இதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டாள். பன்னிரண்டு வருஷம் படித்து என்ன பிரயோஜனம்? திறந்தாள். எலுமிச்சை சாதத்துக்கு அடியில் புதைத்து வைத்த நீல இங்க் பாட்டில், பஸ் குலுக்கலில் லேசாக மூடி கழன்று, சாதம் பாதி பச்சையாகிக் கிடந்தது. பின்னால் நின்ற ஷஹனாஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

சார் பாட்டிலை எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் இருந்த சாக்கு மூட்டையில் போட்டார். பரீட்சை முடிந்ததும் வாலிபால் கோர்ட்டில் வந்து நிற்கச் சொன்னார். அவ்வளவுதான்.

ப்ளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்ததும் யூனிஃபார்ம் மேல் ஒருத்தருக்கு ஒருத்தர் இங்க் அடித்துக்கொள்வது காட்டூர் பக்கம் இருக்கிற இந்தப் பெரிய ஸ்கூலில் வழக்கம். போன வருஷம் பசங்க அடித்த இங்க், தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒருத்தரின் பட்டு வேட்டியில் விழுந்து, பஞ்சாயத்து ஸ்டேஷன்வரை போனது. அதனால் இந்த வருஷம் தடை. இங்க்கோடு மாட்டினால் நடத்தைச் சான்றிதழ் கிடையாது என்று ஹெச்.எம். மைக்கில் சொல்லிவிட்டார்.

தடை எல்லாம் பசங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. வெளியே பெட்டிக்கடையில் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்கள். பெண்களை மட்டும் வருஷா வருஷம் முன்னாடியே பக்கத்து கேட் வழியாகப் பத்தி விட்டுவிடுவார்கள். அங்கே அப்பாக்களும் ஆட்டோக்களும் தயாராக நிற்கும். இந்த ஸ்கூலில் ஒரு பெண் மேல் ஒரு சொட்டு இங்க் பட்டதாகச் சரித்திரமே இல்லை.

அந்தச் சரித்திரத்தை மாற்றத்தான் பிரான்சியும் ஷஹனாஸும் திட்டம் போட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். இன்றைக்குச் சாயந்திரம் ஷஹனாஸ் வீட்டில் சாமான் ஏற்றிக்கொண்டு வாணியம்பாடிக்கே போகிறார்கள்.

"எவ்வளவு வேணா ஊத்துடி," என்று நேற்றே சொல்லியிருந்தாள் ஷஹனாஸ். "மேல பர்தாவைப் போட்டுக்கிட்டா எங்கம்மாவுக்கே தெரியாது."

இப்போது இங்க்கும் போச்சு, சான்றிதழும் போச்சு. பிரான்சி சேரப்போகும் நர்சிங் காலேஜில் முதலில் கேட்பதே நடத்தைச் சான்றிதழைத்தான். உயிரியல் பரீட்சையில் மரபணு பற்றி என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒண்ணேகால் மணி அடித்தது. மற்ற பெண்கள் பக்கத்து கேட் வழியாகப் போய்விட, மாட்டியவர்கள் மட்டும் வாலிபால் கோர்ட்டில் வந்து நின்றார்கள். ஒரு டஜன் தேறும். வேணி ஷாம்பு பாட்டிலில் கொண்டுவந்து மாட்டியிருந்தாள். பிங்க் ஷாம்பு எப்படிம்மா நீலமாச்சு என்று சார் கேட்டாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பயத்தில் வருகிற சிரிப்பு. அது எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது.

ஷஹனாஸும் வந்து வரிசையில் நின்றாள்.

சார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவளைப் பார்த்தார்.

"நீ எதுக்கு? உங்கிட்ட பாட்டில் இல்லையே."

"பாதி பாட்டில் என்னுது சார்."

பிரான்சி அவள் கையைக் கிள்ளினாள். லூசு, போய்த் தொலையேன்டி என்று முணுமுணுத்தாள். ஷஹனாஸ் நகரவில்லை. சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்றைக்குத் தெரிந்தது? இந்த மனுஷன் மூன்று வேளையும் விசிலைத்தான் சாப்பிடுவார் என்று ஸ்கூலே பேசிக்கொள்ளும்.

அவர் போன் அடித்தது. ஹெச்.எம்.தான். மைக் இல்லாவிட்டாலும் அவர் குரல் மைக்தான். பாட்டிலை எல்லாம் அதுங்க கண் முன்னாடியே சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடையில் கொட்டணும், ஒவ்வொருத்தி பேரையும் எழுதிக்கொண்டு வரணும் என்று கோர்ட் முழுக்கக் கேட்டது.

"சரிங்க சார்," என்று சார் போனை வைத்தார்.

வேணிக்குச் சிரிப்பு நின்று அழுகை வந்தது. பிரான்சி ஓரடி முன்னால் வந்தாள்.

"சார், என் பேரை மட்டும் எழுதிக்குங்க. இவ சும்மா சொல்றா."

"பேப்பர் கொண்டுவர மறந்துட்டேன்," என்றார் இன்னாசிராஜ்.

மூட்டையை இழுத்து வலைக்கு நடுவில் வைத்து அவிழ்த்தார். நாலு பக்கமும் உயரமான சுவர். ஓரத்தில் இருந்த குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடினார்.

"வலைக்கு இந்தப் பக்கம் பாதி பேர், அந்தப் பக்கம் பாதி பேர். கண்ணுல மட்டும் படக்கூடாது. அப்புறம் கழுவிட்டு, பதவிசா வெளியே போகணும். பர்தா வச்சிருக்கிற பொண்ணுக்குக் கவலையில்லை. மத்தவங்க என்ன சொல்லுவீங்களோ, அது உங்க பாடு."

யாரும் நகரவில்லை. நம்பினால்தானே?

சார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். விசிலை ஊதினார்.

முதல் பாட்டில் ஷஹனாஸ் தலையில் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு யார் யாரென்று அடையாளமே தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடை, ஒரு சொட்டு நீலம்கூட இல்லாமல், தன் வழக்கமான கறுப்பில் போய்க்கொண்டிருந்தது.